யென், பவுண்டு, காப்பிரைட்

என் வீட்டுக்காரர் பேசியதை ஒரு கம்ப்யூட்டர் எனக்கு முதன்முதலாக வாசித்துக் காட்டியபோது அதன் வாயிலிருந்து வந்தவை இவைதான்: எஃப், கேப்பிட்டல் ஆர், செமிகோலன், யென், காப்பிரைட், பவுண்டு. அதுவும் மூக்கால் பேசுகிற ஒரு வெள்ளைக்காரன் குரலில். காதிலிருந்த இயர்போனைப் பிடுங்கிச் சுவரில் அடிக்கலாம் போல வந்தது. அடிக்கவில்லை. இயர்போன் இரவல், லேப்டாப்பும் இரவல், கோபப்பட்டு எதையாவது உடைக்கிற பாக்கியம்கூட எனக்கு இல்லை.

எனக்குக் கண் தெரியாது. பிறவியில் வந்தது அல்ல. கண்ணுக்குள் அழுத்தம் கூடுகிற நோய். ஓரங்களைத் தின்றுகொண்டே வந்து கடைசியில் நடுவையும் தின்றுவிட்டது. முன்னாலேயே வந்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். முன்னாலேயே வலித்திருந்தால் வந்திருப்பேன். வலிக்காத நோய்க்கு யார் பஸ் ஏறிப் பாலக்காட்டுக்குப் போவார்கள்? கேட்டேன். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

கண் போவதற்கு முன்னால் எனக்குத் தட்டச்சு வேலை. பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூரில் காலேஜுக்குப் போகிற வழியில் ஒரு டிடிபி கடை. முதலாளி மலையாளி, மலையாள வேலைகளை அவர் பார்ப்பார், தமிழ் வேலை முழுக்க என் தலையில். தமிழ் எம்.ஏ. பிள்ளைகளின் ஆய்வேடு, தமிழ்ப் பள்ளிக்கூடங்களின் கேள்வித்தாள், மாரியம்மன் பொங்கல் நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கருமாதி. எல்லைக்கு இந்தப் பக்கம், கேரளத்தில் இருக்கிற தமிழர்களின் நல்லது கெட்டது எல்லாம் என் பத்து விரல் வழியாகத்தான் போயிற்று என்று நான் பெருமை பேசுவேன். அன்றைக்குப் பேச ஆள் இருந்தது.

அந்தக் காலத்து எழுத்துருவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். எஃப் சாவியை அடித்தால் அது நூற்றிரண்டு என்று எழுதிக்கொள்ளும். அந்த எண் வருகிற இடத்தில் திரையில் எந்த உருவத்தைக் காட்டுவது என்பது எழுத்துருவின் வேலை. எங்கள் எழுத்துரு அங்கே 'க' என்று காட்டும். ஜே அடித்தால் 'த', கே அடித்தால் 'ம'. பார்க்கிற கண்ணுக்குத் தமிழ். உள்ளே முழுக்க இங்கிலீஷ். இன்றைக்கு யூனிகோடில் 'க'வுக்கென்று சொந்தமாக ஒரு எண் உண்டு, உலகத்தில் எங்கே போனாலும் அது 'க'தான். அன்றைக்குத் தமிழ், இங்கிலீஷ்காரன் வீட்டில் வாடகைக்குக் குடியிருந்தது. எங்களுக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை. அச்சில் சரியாக விழுந்தால் போதும், வேறென்ன வேண்டும்.

வாடகை வீட்டில் இடம் போதவில்லை என்பதுதான் ஒரே தொந்தரவு. தமிழுக்கு எழுத்து அதிகம். சாவிகள் தீர்ந்துபோய் மிஞ்சிய எழுத்துகளைச் சாவியே இல்லாத மேல் எண்களில் கொண்டுபோய் அடைத்திருந்தார்கள். நாணயக் குறி, பாகைக் குறி, பதிப்புரிமைக் குறி போன்ற விசேஷக் குறிகள் இருக்கிற இடம் அது. அவற்றைச் சுலபமாக அடிக்கத் தனியாக ஒரு மென்பொருள் விற்றார்கள். எங்கள் முதலாளி எழுத்துருவை மட்டும் கோயமுத்தூரில் யாரிடமோ வாங்கி வந்தாரே ஒழிய அதை வாங்கவில்லை. ஆகவே ஒவ்வொரு 'து'வுக்கும் நான் ஆல்ட் சாவியை இடது கையால் அமுக்கிக்கொண்டு வலது பக்கத்து எண்பலகையில் 0165 அடிக்க வேண்டும். 'று'வுக்கு 0169. 'னு'வுக்கு 0163. எங்கள் பக்கத்துப் பேச்சில் பாதி வாக்கியம் 'து'வில்தான் முடியும். வருது, போகுது, இருக்குது, மாட்டீங்குது. கணக்குப் போட்டுப் பாருங்கள் என் வலது கை பட்ட பாட்டை. வந்த புதிதில் இடது கட்டைவிரல் வீங்கிவிட்டது. பிறகு விரலுக்கே பழகிப்போய், யோசிப்பதே நின்றுவிட்டது.

கேள்வித்தாளிலும் பத்திரிகையிலும் எங்கள் பேச்சு எங்கே வரும் என்று கேட்கலாம். வரவே வராது. அது வந்தது என் வீட்டுக்காரரால்.

அவர் மீனாட்சிபுரம் பக்கத்தில் பால் வண்டி ஓட்டினார். வீட்டில் நாலு மாடு, கொஞ்சம் தென்னை. சாயங்காலம் பால் கேன்களை இறக்கிவிட்டு பைக்கை எடுத்துக்கொண்டு சித்தூருக்கு வந்து என்னைக் கூட்டிப்போவார். கடை வாசலில் என்னை ஏற்றியதிலிருந்து வீட்டு முற்றத்தில் இறக்கும்வரை ஓயாத நாயம். பேச்சை எங்கள் ஊரில் நாயம் என்றுதான் சொல்வோம். எதிர்க்காற்றில் தலையைப் பாதி திருப்பிக்கொண்டு கத்திக் கத்திப் பேசுவார். ரோட்டைப் பாருங்க என்று நான் முதுகில் குத்துவேன். மழையில்லாத ஊர் எங்களுடையது. பாலக்காடு முழுக்க நனையும், நாங்கள் மட்டும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்போம். அதற்கு அவர் சொன்னது இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

"மழை கோயமுத்தூருக்கு நம்மூரு வழியாத்தான் போகுது புள்ள. எறங்கி ஒரு வாய் மோர் குடிச்சுட்டுப் போன்னா மாட்டீங்குது."

இந்த மனுஷன் பேசுவதையெல்லாம் எழுதி வைத்தால் என்ன என்று ஒரு நாள் தோன்றியது. தட்டச்சுக்காரிகளுக்குக் காலையில் வேலை தொடங்குமுன் கை ஓடுவதற்கு நாலு வரி எதையாவது அடித்துப் பார்க்கிற வழக்கம் உண்டு. இன்ஸ்டிட்யூட்டில் சொல்லிக்கொடுத்த வரியையே அடித்து அடித்து அலுத்துப்போயிருந்தேன். அதற்குப் பதிலாக முந்தின நாள் சாயங்காலத்து நாயத்தை அவர் சொன்னது சொன்னபடியே அடிக்க ஆரம்பித்தேன். கோப்புக்கு 'டெஸ்ட்' என்று பெயர் வைத்தேன். டெஸ்ட் என்று இருப்பதை முதலாளி திறந்து பார்க்க மாட்டார். அச்சு எடுத்ததே இல்லை. எடுத்தால் அவர் வாசிப்பார், எனக்கு மானம் போகும். புருஷன் பெண்டாட்டிக்குள் பேசுகிற பேச்சும் அதில் இருந்தது. டெஸ்ட் ஒன்று, டெஸ்ட் இரண்டு என்று வருஷக்கணக்கில் போயிற்று. அவரிடம் ஒருநாளும் நான் சொல்லவில்லை. சொன்னால் யோசித்துப் பேச ஆரம்பித்துவிடுவார் என்று பயம்.

ஒரு நாள் காலையில் வழக்கம்போல முந்தின சாயங்காலத்து நாயத்தை அடித்துச் சேமித்துவிட்டு, ஒரு வளைகாப்புப் பத்திரிகையை எடுத்தேன். அது முடிவதற்குள் கடை போனுக்கு அழைப்பு வந்தது. கட்டுத்தரையில் மாட்டை அவிழ்க்கக் குனிந்தவர் நிமிரவில்லையாம். நெஞ்சு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே முடிந்துவிட்டது. அவர் பாப்பாள் என்று கூப்பிடுகிற எங்கள் பெண் அப்போது ஏழாங்கிளாஸ்.

அந்தக் கடைசிக் கோப்பை நான் திறக்கவே இல்லை. அதே மேசையில், அதே கம்ப்யூட்டரில் அதற்குப் பிறகும் வருஷக்கணக்கில் வேலை பார்த்தேன். மற்றவற்றை எப்போதாவது திறந்து வாசிப்பேன், சிரிப்பேன், கண்ணைத் துடைத்துக்கொண்டு கேள்வித்தாள் அடிப்பேன். கடைசியை மட்டும் தொடவில்லை. அந்தக் கடைசிச் சாயங்காலம் அவர் என்ன பேசினார் என்பது எனக்கு மறந்துவிட்டது. வண்டியில் சிரித்தேன் என்பது மட்டும் நினைவிருக்கிறது. அவர் முதுகில் நெற்றியை முட்டிக்கொண்டு சிரித்தேன். எதற்கு என்று தெரியவில்லை. அதுதான் உள்ளே பத்திரமாக இருக்கிறதே, மனசுக்குத் தைரியம் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். பார்ப்பதற்குக் கண் இருக்காது என்று யார் கண்டார்கள்?

கண் மங்கியதும் வேலை போயிற்று. அடுத்த சில வருஷத்தில் கடையும் மூடியாயிற்று. மூடுகிற வாரத்தில் முதலாளி எனக்குப் போன் செய்து, உனக்கு எதாவது வேண்டுமா என்று கேட்டார். டெஸ்ட் என்று பெயர் இருப்பதையெல்லாம் ஒரு பென்டிரைவில் போட்டுக் கொடுங்கள் என்றேன். நல்ல மனுஷர், ஏன் என்று கேட்காமல் வீடு தேடி வந்து கொடுத்தார். கம்ப்யூட்டர்களை இரும்புக்கடைக்காரன் தூக்கிப்போய்விட்டான் என்றும் சொன்னார்.

குருடிக்குப் போட்டோ எதற்கு ஆகும்? எங்கள் கல்யாணப் போட்டோ சுவரில் தொங்குகிறது, துடைக்கத்தான் செய்கிறேன். அவர் குரலைப் பிடித்து வைக்கிற போன் அன்றைக்கு எங்களிடம் இல்லை. என் புருஷனில் காது வழியாக என்னிடம் வந்து சேரக் கூடியது என்று மிச்சமிருந்தது அந்தப் பென்டிரைவு ஒன்றுதான். கண் தெரியாதவர்களுக்குக் கம்ப்யூட்டர் திரையை வாசித்துக் காட்டுகிற மென்பொருள் இருக்கிறது, பாலக்காட்டில் சொல்லித் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், பஞ்சாயத்தில் அபேட்சை மனு கொடுத்து, கொழுந்தனாரைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு போய் வகுப்பில் சேர்ந்தேன். மற்றவர்கள் வேலை கிடைக்கும் என்று வந்தார்கள். நான் அந்தக் கடைசிச் சாயங்காலத்துக்காகப் போனேன். வீட்டில் பழகிப் பார்க்க ஒரு லேப்டாப்பும் கொடுத்தார்கள்.

அப்போதுதான் வெள்ளைக்காரன் யென், பவுண்டு என்று ஆரம்பித்தான். எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. மென்பொருளுக்கு எழுத்துருவின் உருவம் தெரியாது, உள்ளே இருக்கிற எண்தான் தெரியும். உள்ளே இருந்தது இங்கிலீஷும் விசேஷக் குறிகளும். இருபது வருஷம் நான் அடித்த தமிழில் ஒரு எழுத்துகூடத் தமிழ் இல்லை. அன்றைக்கு நான் அழுத அழுகையை அவர் செத்த அன்றைக்குக்கூட அழவில்லை.

மறுநாள் மறுபடியும் திறந்தேன், வேறு வேலை என்ன இருக்கிறது. அம்புச்சாவியை ஒரு தடவை தட்டினால் ஒரு எழுத்து சொல்லும். 'எஃப்' என்றது. என் இடது ஆள்காட்டி விரல் தானாக மேசையில் அழுந்தியது. அழுந்தியதும் உள்ளே 'க' என்று வந்தது. 'ஜே' என்றது. வலது விரல் அழுந்தியது, 'த' வந்தது. மூளைக்குத் தெரியாதது விரலுக்குத் தெரிந்திருக்கிறது. குறிகள்தான் தடுக்கின. யென் என்றால் என்ன? நான் அடிக்கும்போது திரையில் 'து'வைத்தான் பார்த்தேனே தவிர யென்னை எங்கே பார்த்தேன்? ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்து ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டு 0165 அடித்தேன். வெள்ளைக்காரன் 'யென்' என்றான். அட கெரகமே, நீதானா 'து' என்று வாய்விட்டுச் சொன்னேன். அப்படியே ஒவ்வொன்றாகப் பிடித்தேன். காப்பிரைட் 'று'. பவுண்டு 'னு'. பாகை 'ணு'.

முதல் கோப்பின் முதல் நாயம் வெளியே வருவதற்கு ஒரு முழுப் பகல் போயிற்று.

"கலியாணப் பத்திரிக்கை அடிச்சு அடிச்சு ஊருல இருக்கறவனுக்கெல்லாம் கட்டி வெச்சுட்ட. நம்முளுக்கும் ஒண்ணு அடி புள்ள, மறுக்கா ஒருக்காக் கட்டிக்கலாம்."

எழுத்து எழுத்தாக வந்தாலும் கடைசி எழுத்து வந்ததும் மொத்தமும் அவர் குரலில் கேட்டது. நான் மறந்தே போயிருந்த வாக்கியம் அது. மறந்துபோனது திரும்பி வந்ததில் எனக்கு ஒரு நிச்சயம் பிறந்தது: அப்படியானால் அந்தக் கடைசிச் சாயங்காலமும் வரும். நேராகக் கடைசிக் கோப்புக்குப் போயிருக்கலாம். போகவில்லை. முதலிலிருந்து வரிசையாக வாசித்துக்கொண்டு போய், அவரோடு இன்னொரு தடவை அந்த வருஷங்களை இருந்துவிட்டு, கடைசியில் அதைத் தொடலாம் என்று ஆசைப்பட்டேன். ஆசைதான்.

இதைப் பெண்ணிடம் போனில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவள் கல்யாணமாகி இடுக்கி மலையில் வண்டன்மேட்டில் இருக்கிறாள். மாப்பிள்ளை வீட்டார் ஏலத்தோட்டக்காரர்கள், தமிழர்கள்தான், ஆனால் மதுரைப் பக்கத்துத் தமிழ். இவள் எதற்கெடுத்தாலும் 'ங்க' போடுவதைக் கேட்டு நாத்தனார்மார் சிரிக்கிறார்களாம். ஏலக்காய் ஏலம் நடக்கிற இடத்தில் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருக்கிற வேலை. மலையாள மீடியத்தில் படித்தவள். இங்கே வேலை வேண்டுமென்றால் அதுதான் ஆகும் என்று அவரும் நானும் சேர்ந்து எடுத்த முடிவு. தமிழ் பேசுவாள், வாசிக்கச் சொன்னால் பஸ் போர்டுக்கு மேல் தாண்ட மாட்டாள். அப்பா பேசியதெல்லாம் இருக்கிறது, ஒரு நாளைக்கு ரெண்டு வரி வாசிக்கிறேன், கடைசி நாள் பேசியதும் இருக்கிறது, அதைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன் என்று சொன்னதும் அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சினாள். ஒவ்வொரு எழுத்தாவா வாசிக்கிறீங்க என்று கேட்டாள்.

ஓணம் லீவுக்கு வந்தபோது பென்டிரைவைக் கேட்டாள். ஆபீஸில் ஒருவர் பழைய எழுத்துருவை யூனிகோடுக்கு மாற்றுகிற மென்பொருள் வைத்திருக்கிறாராம், நிமிஷத்தில் மாற்றிவிடலாம், பிறகு போனே முழு வரியாக வாசித்துக் காட்டுமாம். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கொடுக்கும்போது விளையாட்டாக ஒன்று சொன்னேன்.

"மாத்திக் குடு, ஆனா உள்ள எட்டிப் பாக்காத கண்ணு. அதுல எங்க ரெண்டு பேரு நாயமும் இருக்குது."

அவள் சிரித்துக்கொண்டே சத்தியம் செய்தாள். என் பெண் சொன்ன சொல் தவறாதவள். எட்டிப் பார்க்கவே இல்லை.

அடுத்த வாரம் கோப்புகள் போனுக்கு வந்தன, பென்டிரைவு பின்னாலேயே தபாலில் வந்தது. முகம் கழுவி, பொட்டு வைத்துக்கொண்டு, கட்டிலில் உட்கார்ந்து முதல் கோப்பைத் திறந்தேன். செய்தி வாசிக்கிற பெண்ணைப் போல ஒரு குரல் கணீரென்று ஆரம்பித்தது. மலையாளம். முதலில் கோப்பு மாறிவிட்டது என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கேட்டதும் அது மலையாளமும் இல்லை என்று தெரிந்தது. மலையாள எழுத்துகள், மலையாள உச்சரிப்பு, அர்த்தம் மட்டும் கிடையாது. பைத்தியம் பிடித்தவள் பேசுவது போல நிறுத்தாமல் போய்க்கொண்டே இருந்தது.

கேரளத்தில் பழைய எழுத்துரு என்றால் மலையாள எழுத்துரு, மாற்றுகிற மென்பொருள் என்றால் மலையாளத்துக்கானது. ஆபீஸ்காரருக்கு வேறொன்று இருக்கும் என்றே தோன்றியிருக்காது. உள்ளே இருந்தது இங்கிலீஷ் எழுத்தும் குறியும்தானே, அது தமிழா மலையாளமா என்று எதில் எழுதியிருக்கிறது? 'க' இருந்த எண்ணில் மலையாள எழுத்துருவுக்கு வேறொரு எழுத்து. அதைப் போட்டுக்கொண்டே போய்விட்டது. தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒரு ஆள் ஒரு தடவை திரையைப் பார்த்திருந்தால் போதும். மலையாளம் வாசிக்கத் தெரிந்த என் பெண்ணாவது பார்த்திருக்கலாம். பார்க்காதே என்று சொன்னவள் நான்.

அன்று சாயங்காலமே அவள் அழைத்தாள்.

"கேட்டீங்களாமா? அப்பா பேசறாங்களா?"

அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது. அப்பா செத்ததிலிருந்து அவள் அம்மாவுக்கு என்று செய்த பெரிய காரியம் அது. கேட்டேன் கண்ணு, நல்லா வந்திருக்குது என்று சொல்லிவிட்டேன். அப்பா என்ன சொல்கிறார் என்று கேட்டாள். மழை மோர் குடிக்காமல் போவதைச் சொன்னேன், அது நினைவில் இருந்ததுதான். விழுந்து விழுந்து சிரித்தாள். பேச்சோடு பேச்சாக, பழைய கோப்பு இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்தேன்.

"அது எதுக்குங்மா? ஒரே குப்பையாட்ட இருக்குதுன்னு ஆபீஸ்ல சொன்னாங்க. அது மேலயே புதுசைச் சேமிச்சுட்டேன். உங்களுக்குக் கொழப்பம் இருக்கக் கூடாதுன்னு."

போனை வைத்தேன். கொழுந்தனார் மனைவி வந்து விளக்குப் போடவில்லையா என்று கேட்டாள். எனக்கு எதற்கு விளக்கு என்று அவளிடம் எரிந்து விழுந்தேன். பாவம், அவள் என்ன செய்தாள்.

சும்மா விடவில்லை. விரல் காப்பாற்றும் என்று நினைத்தேன். மலையாள எழுத்தைக் கேட்டு, அந்த எழுத்து எந்தச் சாவியில் இருந்திருக்கும் என்று கண்டுபிடித்து, அந்தச் சாவியில் எங்கள் எழுத்துருவில் என்ன இருந்தது என்று திரும்பி வந்தால் போதுமே. பழைய முதலாளிக்குப் போன் செய்து மலையாள எழுத்துருவின் சாவிகளை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டேன். சில நாள் முயன்றதில் அங்கங்கே ஒரு 'க', ஒரு 'ம', ஒரு 'த' வந்தது. குறிகள் வரவில்லை. பாலக்காட்டு வகுப்பில் சொல்லித் தருகிற சாரிடம் பென்டிரைவைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பொறுமையாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: அந்த மலையாள எழுத்துருவில் யென், பவுண்டு, காப்பிரைட் இருக்கிற இடங்களில் எழுத்து எதுவும் இல்லை, இல்லாததை மென்பொருள் விழுங்கிவிட்டது. சில இடத்தில் இரண்டு மூன்று எண்களைச் சேர்த்து ஒரே கூட்டெழுத்தாக்கிவிட்டது, எதிலிருந்து எது வந்தது என்று பிரிக்க முடியாது. ஒவ்வொரு வாக்கியத்திலும் சுமார் பாதி போய்விட்டது என்றார். அந்தக் கடைசிக் கோப்பையாவது என்றேன். அதுவும் அப்படித்தான் என்றார். வேறு யாரிடமாவது கேட்டுப் பாருங்கள் என்றும் சொன்னார். நல்லவர்கள் கைவிடும்போது அப்படித்தான் சொல்வார்கள்.

கடைசிக் கோப்பை அன்றுதான் முதன்முதலாகத் திறந்தேன். இனி எதற்குக் காத்திருக்க வேண்டும். செய்திக்காரி வாசித்தாள். மற்றவற்றைவிடச் சின்னது, இரண்டு மூச்சில் முடிந்துவிட்டது. அவ்வளவுதான் அவர் அன்றைக்குப் பேசியிருக்கிறார். எழுத்து எழுத்தாகப் போனேன். தேறியது ஒரு 'ம', ஒரு 'ப', நடுவில் எங்கேயோ ஒரு 'ள்ள'. 'புள்ள'வின் மிச்சமாக இருக்கலாம். எல்லா வாக்கியத்திலும் அவர் அதைச் சொல்வார். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? எதற்கு அப்படிச் சிரித்தேன் என்பது இந்த ஜென்மத்தில் இனித் தெரியப் போவதில்லை. பொறுத்திருந்து, வரிசையாக, ஆசையாசையாக வாசிக்கலாம் என்று உட்கார்ந்திருந்த என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் பெண் அழைப்பாள். அப்பா இந்த வாரம் என்ன சொன்னார் என்பதுதான் முதல் கேள்வி. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு வாரமும் நினைப்பேன். சொன்னால் அவள் தாங்க மாட்டாள். அப்பாவைத் தன் கையாலேயே அழித்துவிட்டோம் என்று காலத்துக்கும் மருகுவாள். எனக்கு நினைவிருந்ததை ஒவ்வொன்றாகக் கொடுத்தேன். கொஞ்சம்தான் இருந்தது, சீக்கிரமே தீர்ந்துவிட்டது. பிறகு நானே இட்டுக்கட்ட ஆரம்பித்தேன். அவர் மாதிரியே, மாட்டைப் பற்றி, செக்போஸ்ட் போலீஸைப் பற்றி, என் சமையலைப் பற்றி. ஞாயிற்றுக்கிழமைக்கு வேண்டுமே என்று சனிக்கிழமை உட்கார்ந்து யோசிப்பேன். அவர் ஒருநாளும் யோசித்துப் பேசியதில்லை. இப்போது முன்பு தந்தவற்றை நினைத்துப் பார்த்தால், எது அவர் சொன்னது, எது நான் கட்டியது என்று எனக்கே பிரிபடவில்லை. மழையும் மோரும்கூட. அது அவர் சொன்னதுதான் என்று மேலே எழுதியிருக்கிறேன். சத்தியம் செய்யச் சொன்னால் செய்ய மாட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் கேட்டாள், கடைசி நாளுக்கு வந்துவிட்டீர்களா என்று. இன்னும் இல்லை என்று தள்ளிப்போடலாம். எத்தனை வாரத்துக்குத் தள்ளுவது. வந்துட்டேன் என்றேன். அதற்கு எதையும் யோசித்து வைத்திருக்கவில்லை. அந்த ஒன்றை மட்டும் கட்டக் கூடாது என்று இருந்தேன். அப்பா என்ன சொன்னாங்க என்று அவள் அவசரப்பட்டாள்.

"பாப்பாளை எப்பவும் அழுகாமப் பாத்துக்கோணும் புள்ளன்னு சொன்னாரு."

அவர் அப்படிப் பேசவே மாட்டார். யாராவது அப்படிப் பேசினால் நாடகக்காரன் என்று கேலி செய்வார். அதைக் கேட்டு நான் வண்டியில் சிரித்திருக்கவும் மாட்டேன். இது ஏதோ ஒரு அப்பா சொல்வது, என் வீட்டுக்காரர் சொல்வது அல்ல. பெண்ணுக்குத் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். தெரிந்துவிட வேண்டும் என்றுகூட நினைத்தேன்.

அவள் அழுது முடிக்கிறவரை காத்திருந்தேன்.

"எனக்கு ஞாபகம் இருக்குதுங்மா," என்றாள். "அன்னிக்கு ஊட்டுக்கு வந்து சோறு திங்கறப்பவும், எப்பவும் அழுகக் கூடாது பாப்பான்னு எங்கிட்ட இதையேதான் சொன்னாரு."

ஆமா கண்ணு, சொன்னாரு என்றேன்.